டிஷ்வாஷரில் தண்ணீர் ஏறவில்லையா? மதுரை வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எல்லாம் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. மெஷினுக்கு உள்ளே கோளாறு என்று நினைத்து வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு வெளியேதான் இருக்கும்: தொட்டியின் உயரம், ஆங்கிள் காக் (சிங்குக்குக் கீழே சுவரில் இருக்கும், மெஷினுக்குத் தண்ணீர் திறந்துவிடும் குழாய்), ஹோஸ் முனைச் சல்லடை, கழிவு ஹோஸ் போட்ட விதம். அதனால் முதலில் வெளியே இருப்பதை எல்லாம் பாருங்கள். மெஷினைக் கழற்றுவது கடைசி வேலை.

மெஷின் ஆன் ஆகுது, லைட்டும் எரியுது. ஆனா தண்ணியே ஏற மாட்டேங்குது. முதல்ல எதைப் பாக்கணும்?

முதலில் சிங்குக்குக் கீழே குனிந்து ஆங்கிள் காக்கைப் பாருங்கள். ஆர்ஓ சர்வீஸுக்கு வந்தவரோ பிளம்பரோ மூடிவிட்டு, திறக்க மறந்து போயிருப்பார். காக் பாதி திறந்திருந்தாலும் மெஷினுக்குப் போதாது. அடுத்து மேலே தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, மெஷின் லைனுக்கான கேட் வால்வ் முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு மெஷினுக்குப் பின்னால் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கூட்டிப் பெருக்க மெஷினை இழுத்துவிட்டுத் திரும்பத் தள்ளும்போது ஹோஸ் சுவரோடு நசுங்குவது சகஜம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பக்கெட் டெஸ்ட்.

பக்கெட் டெஸ்ட்னா என்ன? எவ்வளவு தண்ணி வந்தா போதும்?

மெஷின் பிளக்கைப் பிடுங்குங்கள். காக்கை மூடி, அதில் மாட்டியிருக்கும் இன்லெட் ஹோஸைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். பத்து லிட்டர் வாளியைக் கீழே வைத்து, காக்கை முழுசாகத் திறந்து ஒரு நிமிடம் விடுங்கள். இடம் குறுகலாக இருந்தால் ஒரு மக்கில் பிடித்து வாளியில் ஊற்றி, மொத்த நேரத்தைக் கணக்கிடுங்கள்.

நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வந்தால் கவலையே இல்லை. பல கம்பெனிகளின் கையேடு கேட்கும் அளவு அதுதான். ஆறேழு லிட்டர் வந்தால் பெரும்பாலான மெஷின்கள் சமாளித்துக்கொள்ளும். மூன்று, நான்கு லிட்டருக்குக் கீழே போனால் மெஷின் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு எரர் காட்டும். ஒரு முறை நிரப்ப மெஷினுக்குத் தேவைப்படுவது மூன்று, நான்கு லிட்டர்தான். ஆனால் அது குறிப்பிட்ட சில நிமிடங்களுக்குள் வந்தாக வேண்டும்.

இந்த டெஸ்டை மத்தியானம் வீடு அமைதியாக இருக்கும்போது செய்து ஏமாறாதீர்கள். காலையில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் வாஷிங் மெஷின் ஓடும் நேரத்தில் செய்யுங்கள். மெஷினுக்கு அந்த நேரத்திலும் தண்ணீர் கிடைக்க வேண்டுமே.

எங்க வீட்டு சிங்க் குழாயில நல்லா ஃபோர்ஸா வருதே. அப்புறம் எப்படி பிரஷர் இல்லைங்கிறீங்க?

சிங்க் குழாயும் மெஷின் காக்கும் ஒரே லைனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நல்ல தண்ணிக்கு ஒரு தொட்டி, போர் தண்ணிக்கு ஒரு தொட்டி என்று இரண்டு வைத்திருக்கும் வீடுகளில் சிங்கில் இரண்டு குழாய் இருக்கும். மெஷினை எதில் இணைத்தார்கள் என்பது வீட்டுக்காரருக்கே தெரியாமல் இருக்கும். ஒரே லைன்தான் என்றாலும், குழாய் முனையில் இருக்கும் நுரைக்கும் வலை குறைந்த தண்ணீரையும் வேகமாகக் காட்டும்.

ஆங்கிள் காக் இன்னொரு சந்தேகப் பேர்வழி. போர் தண்ணீரில் நாலைந்து வருஷம் ஆன காக்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு படிந்து, துவாரம் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். கைப்பிடி முழுசாகத் திரும்பும், தண்ணீர் மட்டும் வராது. சுரண்டுவது வீண் வேலை. புதுக் காக் போட்டுவிடுங்கள். காக்கிலிருந்தே டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு ஆர்ஓவுக்கும் பிரித்திருந்தால், அந்த டீயை எடுத்துவிட்டு மெஷினுக்குத் தனிக் காக் வையுங்கள்.

டேங்க் எவ்வளவு உயரத்துல இருக்கணும்? எங்களுது மொட்டை மாடியில ரெண்டடி மேடை மேல இருக்கு.

பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் தரும். மெஷினின் குறைந்தபட்சத் தேவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: 0.3 பார் போதும் என்பவையும் உண்டு, 0.5 பார் கேட்பவையும் உண்டு. கையேட்டில் 0.05 எம்பிஏ என்று போட்டிருந்தால் அது 0.5 பார்தான்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு. தரையிலிருந்து மொட்டை மாடி சுமார் 3.3 மீட்டர், மேடை 0.6 மீட்டர், கூட்டினால் 3.9. காக் தரையிலிருந்து 0.45 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதைக் கழித்தால் 3.45. அதாவது தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்தில் இருக்கும்போது 0.35 பார் கூட வராது. 0.3 பார் மெஷின் ஓடிவிடும், 0.5 பார் மெஷின் முரண்டு பிடிக்கும். இதே தொட்டியை மாடிப்படி ஹெட்ரூம் மேலே ஏற்றினால் இன்னும் இரண்டே கால் மீட்டர் கிடைக்கும். மேடை ஓரடியே இருந்தாலும் 0.5 தாண்டிவிடும்.

மாடி வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை அனேகமாக இல்லை. மேல்தளத்துக்காரர்களுக்குத்தான். தொட்டி நிறைந்திருக்கும்போது மெஷின் ஓடி, பாதிக்குக் கீழே இறங்கியதும் எரர் காட்டினால், உங்கள் வீடு எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று அர்த்தம். இந்த உயரக் கணக்கு தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது இருக்கும் அழுத்தம். நீளமான அரை இஞ்ச் குழாய், நிறைய எல்போ வளைவுகள் எல்லாம் அதையும் தின்னும்.

டேங்கைத் தூக்க வழியில்லை. பிரஷர் பம்ப் வச்சா சரியாகிடுமா? எந்த மாதிரி வைக்கணும்?

சரியாகும். மெஷினுக்காக மட்டும் என்றால் பெரிய பம்ப் தேவையே இல்லை. நூறு, நூற்றிருபது வாட்டில் கிடைக்கும் சின்ன இன்லைன் பூஸ்டர் பம்ப், எட்டுப் பத்து மீட்டர் ஹெட் (அந்த உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம்) தருவது, தாராளம். அரை ஹெச்பி பம்பைக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார். வீடு முழுக்க ஷவருக்கும் சேர்த்து என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

பம்பைத் தொட்டி வெளியேறும் குழாயில், மாடியிலேயே, வெயில் மழை படாத மூடிக்குள் வையுங்கள். கூடவே நான்-ரிட்டர்ன் வால்வ் (தண்ணீரைத் திரும்பி ஓட விடாதது) போட்ட பைபாஸ் லைன் ஒன்று அவசியம். கரண்ட் போனாலோ பம்ப் கெட்டாலோ சாதாரணமாகத் தண்ணீர் வரும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சின்ன பம்புகளில் பல, தண்ணீர் ஓட ஆரம்பித்தால்தான் ஃப்ளோ ஸ்விட்ச் மூலம் ஆன் ஆகும். உங்கள் லைனில் இயற்கையாக நிமிடத்துக்கு ஓரிரு லிட்டர்கூட ஓடவில்லை என்றால் ஸ்விட்ச் தட்டாது, பம்ப் சும்மாவே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு பிரஷர் ஸ்விட்ச் வகைதான் சரி.

மாநகராட்சி பைப்புல இருந்தே நேரா கனெக்‌ஷன் குடுத்துட்டா என்ன? அதுல ஃபோர்ஸ் இருக்கே.

மதுரையில் பெரும்பாலான பகுதிகளில் அந்தக் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் இருப்பதில்லை. ஒரு வாஷ் ஒன்றரை மணி முதல் மூன்று, நான்கு மணி நேரம் வரை ஓடும், நடுநடுவே புதுத் தண்ணீர் எடுக்கும். சப்ளை நின்றுவிட்டால் சோப்போடு பாத்திரங்கள் அப்படியே நிற்கும். தண்ணீர் திறக்கும்போது முதலில் வருகிற காற்றும் கலங்கலும் நேரே மெஷினுக்குள் போகும். சம்ப்பில் பிடித்து, தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து கொடுப்பதே சரி.

அந்தக் குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சி மெஷினுக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. சட்டப்படி குற்றம், மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தண்ணீர் போகாது.

டிஸ்ப்ளேல என்னவோ எழுத்து, நம்பர் வருது. அதுக்கு என்ன அர்த்தம்?

தண்ணீர் வரவில்லை என்பதை போஷ், சீமென்ஸ் மெஷின்கள் குழாய்ப் படம் போட்ட விளக்காலோ இ-18 என்றோ சொல்லும். எல்ஜியில் ஐஇ. சாம்சங்கில் 4சி, பழைய மாடல்களில் 4இ. இவை வந்தால் முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

போஷில் இ-15 வந்தால் கதையே வேறு: அடித்தட்டில் தண்ணீர் கசிந்திருக்கிறது. எல்ஜியில் ஓஇ என்றால் கழிவுத் தண்ணீர் வெளியேறவில்லை. மற்ற கம்பெனிகளுக்குக் கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். ஒரே எண் வேறு கம்பெனியில் வேறு கோளாறைக் குறிக்கும் என்பதால் பக்கத்து வீட்டு மெஷினை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ஹோஸ் முனையில சல்லடை இருக்காமே? அதை எப்படிக் கழுவுறது?

இன்லெட் ஹோஸ் குழாயோடு சேரும் முனையிலோ, மெஷினுக்குள் நுழையும் வால்வ் வாயிலோ, சில மெஷின்களில் இரண்டிலுமோ விரல்நுனி அளவில் ஒரு வலை இருக்கும். இதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உங்கள் தொட்டியின் ஜாதகமே தெரிந்துவிடும்: வெள்ளைப் பொருக்கு, அதில் ஒட்டிய பொடி மணல், பச்சை நூலாய்ப் பாசி, பைப்பை அறுக்கும்போது விழுந்த பிவிசி சுருள், பிளம்பர் சுற்றிய டெஃப்லான் டேப்பின் பிசிர்.

பிளக்கைப் பிடுங்கி, காக்கை மூடி, ஹோஸைக் கழற்றுங்கள். சல்லடையின் நடுவில் சின்னக் காம்பு இருந்தால் மூக்கு பிளையரால் மெதுவாகப் பிடித்து நேராக இழுங்கள். குழாயடியில் பழைய பல் தேய்க்கும் பிரஷ் கொண்டு தேய்த்தால் மணல் போகும். சுண்ணாம்புக்கு, ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பு கரைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள், வினிகரும் ஆகும். ஊசியால் குத்தி வலையைக் கிழித்துவிடாதீர்கள். வலை கிழிந்தால் அடுத்த மணல் நேரே வால்வில் போய் உட்காரும்.

திரும்ப மாட்டும் முன், காக்கைத் திறந்து அரை வாளித் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்கினாலே போதும். ஹோஸ் நட்டில் டெஃப்லான் டேப் வேண்டாம். அங்கே கசிவைத் தடுப்பது வாஷர். டேப் சுவர்ப் பக்கத் திருகுக்கு மட்டும். போர் தண்ணீர் வீடுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

ஹோஸ் முனையில பெரிய பிளாஸ்டிக் டப்பா மாதிரி இருக்கு. அதையும் தண்ணியில ஊற வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். அது அக்வாஸ்டாப், கசிவு வந்தால் தண்ணீரைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு. போஷ், சீமென்ஸ் போன்றவற்றில் மின்சார வால்வ் அந்த டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. ஹோஸுக்குள் 230 வோல்ட் வயர் ஓடுகிறது. டப்பாவைத் தண்ணீரில் முக்கக்கூடாது, அந்த ஹோஸை வெட்டி நீட்டவும் கூடாது. வாயில் இருக்கும் சல்லடையை மட்டும் எடுத்துக் கழுவுங்கள்.

வேறு சில கம்பெனிகளில் வயர் இல்லாத அக்வாஸ்டாப் வரும். அதன் சின்ன ஜன்னலில் சிவப்பு தெரிந்தால் உள் ஹோஸ் கசிந்து, வால்வ் தானே பூட்டிக்கொண்டுவிட்டது. அதைச் சரிசெய்ய முடியாது, ஹோஸையே மாற்ற வேண்டும்.

தண்ணி ஏறுற சத்தம் நல்லாவே கேக்குதுண்ணே. ஆனாலும் தண்ணி இல்லைன்னு எரர் போடுது. மெஷினுக்குப் பைத்தியமா?

மெஷின் சரியாகத்தான் சொல்கிறது. ஏறிய தண்ணீர் உள்ளே தங்கவில்லை. நம் வீடுகளில் கழிவு ஹோஸைத் தரையில் போட்டு மூலை ஜாலிக்குள் செருகிவிடுவதுதான் இதற்கு முதல் காரணம். ஹோஸ் முனை உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், தண்ணீர் தானாகவே இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடும். மெஷின் நிரப்பும், அது ஓடும், மறுபடி நிரப்பும், கடைசியில் எரர்.

சோதிக்க எளிய வழி: நிரப்பும் நேரத்தில் கழிவு ஹோஸ் முனையைப் பாருங்கள். அப்போது ஒரு சொட்டுகூட வரக்கூடாது. வந்தால், ஹோஸைச் சுவரில் கிளாம்ப் போட்டு ஓர் இடத்திலாவது 40 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றி, பிறகு இறக்குங்கள். ஒரு மீட்டரைத் தாண்டவும் வேண்டாம். கழிவு பம்ப் திணறும். முனையை ஜாலிக்குள் இறுக்கிச் செருகாமல், காற்றுப் போக இடம் விடுங்கள்.

கழிவு ஹோஸ் சரியாக இருந்தும் இதே எரர் வந்தால் ஃப்ளோ மீட்டரைச் சந்தேகிக்கலாம். உள்ளே போகும் தண்ணீரை எண்ணுவது ஒரு குட்டிச் சக்கரம். பொடி மணலோ சுண்ணாம்போ அதைப் பிடித்துவிட்டால், தண்ணீர் போனாலும் கணக்கில் ஏறாது. இது டெக்னீஷியன் வேலை.

டேங்க் கழுவின மறுநாள்ல இருந்து தண்ணி நூல் மாதிரி வருது. மத்த குழாய்ல பரவாயில்லை. என்ன ஆச்சு?

இரண்டில் ஒன்று: ஏர் லாக், அல்லது கிளறிவிட்ட வண்டல் சல்லடையில் அடைத்திருக்கிறது. சல்லடையை முதலில் பாருங்கள். சுத்தமாக இருந்தால் ஏர் லாக்தான். தொட்டி முழுசாகக் காலியானபோது குழாய் வளைவில் காற்று சிக்கியிருக்கும். தொட்டியை நிரப்பி, மெஷின் ஹோஸைக் கழற்றி, வீட்டிலேயே தாழ்வாக இருக்கும் குழாய்களையும் இந்தக் காக்கையும் சேர்த்துப் பத்து நிமிடம் முழுசாகத் திறந்துவிடுங்கள். காற்று கொப்பளித்து வெளியேறி, சீராக ஓட ஆரம்பிக்கும்.

அடுத்த முறை தொட்டி கழுவுவதற்கு முன்பே மெஷின் காக்கை மூடிவிடுங்கள். கழுவி நிரப்பிய பின், பாத்ரூம் குழாயில் தெளிவாக வந்த பிறகு திறக்கலாம். லாரித் தண்ணீர் இறக்கும் நாளிலும் இதே பழக்கம் நல்லது.

கழுவிக்கிட்டு இருக்கும்போதே டேங்க் காலி. இப்ப மறுபடி முதல்ல இருந்து போடணுமா?

பெரும்பாலான மெஷின்கள் நின்ற இடத்தை நினைவில் வைத்திருக்கும். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, சல்லடை கழுவும் கேள்வியில் சொன்னபடி ஹோஸைக் கழற்றிக் காக்கிலிருந்து கொஞ்சம் தண்ணீரை வெளியே விட்டு, திரும்ப மாட்டி, ஸ்டார்ட்டை அழுத்துங்கள். எரரோடு நின்றிருந்தால் ரீசெட்: பல மெஷின்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியேறி நின்றுவிடும். அதற்குள் சோப்பு மாத்திரை கரைந்திருந்தால், புது மாத்திரை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

அவசரத்துக்கு வாளியில தண்ணி மொண்டு உள்ள ஊத்திடலாமா?

வேலைக்கு ஆகாது. ஃப்ளோ மீட்டர் உள்ள மெஷினுக்கு நீங்கள் ஊற்றியது தெரியவே தெரியாது. மிதவையோ பிரஷர் ஸ்விட்சோ உள்ள மெஷின் முதல் சுற்றை ஓட்டும், ஆனால் அடுத்தடுத்த அலசலுக்கு நடுவில் நீங்களே வாளியோடு காத்திருக்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் மெஷினுக்குள் இருக்கும் சாஃப்ட்னர் வழியாகப் போகாததால் கடினத்தன்மையும் குறையாது. ஒரு முழு வாஷுக்கே ஒன்பதிலிருந்து பதினைந்து லிட்டர்தான் ஆகும். ஒரு குடம் தண்ணீர். அதற்குத் தொட்டியில் இடம் ஒதுக்குவது எளிது.

மெஷின் ஓடலை, ஆனா உள்ள மோட்டார் மட்டும் உர்ர்னு ஓடிக்கிட்டே இருக்கு. ஆஃப் பண்ணாலும் நிக்கலை.

அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்து மிதவை ஸ்விட்ச் தூக்கியிருக்கிறது. வெள்ளம் வராமல் இருக்க மெஷின் தண்ணீரை மூடிவிட்டுக் கழிவு பம்பை விடாமல் ஓட்டுகிறது. போஷில் இதுதான் இ-15. பிளக்கைப் பிடுங்கி, காக்கை மூடுங்கள். இரண்டு பேராகப் பிடித்து மெஷினைப் பின்பக்கமாகச் சாய்த்தால் தட்டுத் தண்ணீர் வெளியே வரும். கீழே பழைய துணி போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் கொட்டியதும் மெஷின் ஓடும்தான், ஆனால் கசிவு எங்கே என்று தேடாமல் விட்டால் ஒரு வாரத்தில் திரும்ப நிற்கும். நுரை பொங்கி வழிந்ததா? பாத்திரம் தேய்க்கும் சாதாரண லிக்விடைச் சொட்டு ஊற்றினாலும் இப்படி ஆகும். இல்லையென்றால் ஹோஸ் கிளாம்ப், எலி கடித்த ஹோஸ், கதவடி ரப்பர் என்று பார்க்க வேண்டும்.

இதுக்கு நேர் எதிர்: மெஷின் ஆஃப்ல இருக்கும்போதே உள்ள தண்ணி சேருது.

முதலில் காக்கை மூடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காக்கைத் திறந்து பாருங்கள். கரண்ட் இல்லாமலே தண்ணீர் ஏறினால் இன்லெட் வால்வின் டயஃப்ராமில் (திறந்து மூடும் ரப்பர் தகடு) மணல் சிக்கி மூட முடியாமல் இருக்கிறது. வால்வை மாற்றுவதே தீர்வு. கரண்ட் இருக்கும்போது மட்டும் ஏறினால் எலக்ட்ரானிக் போர்டோ, மட்டம் பார்க்கும் சென்சாரோ கெட்டிருக்கிறது.

சேர்வது அழுக்குத் தண்ணீர் என்றால் அது குழாயிலிருந்து வரவில்லை, சிங்க் கழிவுக் குழாயிலிருந்து திரும்பி வருகிறது. கழிவு ஹோஸை மேலே ஏற்றிக் கட்டினால் போதும்.

தண்ணி நிக்கும்போதெல்லாம் சுவத்துக்குள்ள ‘டம்’முனு அடிக்குது. பைப் உடைஞ்சுடுமா?

பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது அதிகம். வேகமாக ஓடும் தண்ணீரை மெஷின் வால்வ் சட்டென்று நிறுத்துவதால் வரும் அடி. ஒரு நாளில் உடையாது. ஆனால் சிபிவிசி ஜாயின்ட்டுகளை வருஷக் கணக்கில் தளர்த்தும். பம்பின் அழுத்தத்தைக் குறைத்து வையுங்கள், வெளியே தெரியும் குழாயைக் கிளாம்பால் இறுக்குங்கள். அப்படியும் அடித்தால் காக்குக்குப் பக்கத்தில் இந்த அடியை வாங்கிக்கொள்ளும் வாட்டர் ஹாமர் அரெஸ்டர் ஒன்று மாட்டலாம்.

போர் தண்ணி, நல்ல தண்ணி ரெண்டும் இருக்கு. எதைக் குடுக்கிறது?

தேர்வு செய்ய முடிந்தால் நல்ல தண்ணிதான். மாநகராட்சி தருவது பெரும்பாலும் வைகை, முல்லைப் பெரியாறு வழி வரும் ஆற்றுத் தண்ணீர். போர் தண்ணீரைவிடக் கடினத்தன்மை குறைவு. ஆனால் போர் மட்டுமே உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். மெஷினுக்குள் ரெசின் வைத்த சாஃப்ட்னர் இருக்கிறது, அதற்குத்தான் உப்பு போடுகிறோம்.

பார்க்க வேண்டியது கடினத்தன்மை. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண் (கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்தம்) அது இல்லை. சோதனைப் பட்டையோ, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட்டோ வாங்குங்கள். வரும் பிபிஎம் அளவை 17.8 ஆல் வகுத்தால் மெஷின் கேட்கும் ஜெர்மன் டிகிரி கிடைக்கும். 450 பிபிஎம் என்றால் சுமார் 25 டிகிரி. போஷில் அது ஹெச்:06 நிலை. பல மெஷின்கள் 50 டிகிரி வரை, அதாவது 890 பிபிஎம் வரை தாங்கும். அதற்கும் மேலே என்றால் நல்ல தண்ணீர் லைனுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் வெளியே தனி சாஃப்ட்னர் வையுங்கள்.

கோடையில் லாரித் தண்ணீர், மழைக்காலத்தில் போர் என்று மாறி மாறி வரும் வீட்டில், இருப்பதிலேயே கடினமான தண்ணீருக்கு ஏற்ப செட்டிங்கை வைத்துவிடுங்கள். கொஞ்சம் உப்பு கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

உப்பு தீர்ந்துட்டா சமையல் கல்லுப்பைப் போடலாமா?

கூடாது. கல்லுப்பில் மண்ணும், கால்சியம், மக்னீசியம் உப்புகளும் கலந்திருக்கும். எதை நீக்க வேண்டுமோ அதையே உள்ளே போட்டதாகும். தூள் உப்பு கட்டி தட்டி அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷர் உப்பு என்று பெரிய பரலாக விற்பதையே வாங்குங்கள். முதல் முறை மட்டும் உப்புத் தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பிறகு உப்பைக் கொட்ட வேண்டும். வெளியே சிந்திய உப்பு ஸ்டீலை அரிக்கும் என்பதால் நிரப்பிய உடனே ஒரு வாஷ் ஓட்டிவிடுங்கள்.

ஆர்ஓ தண்ணியைக் குடுத்தா மெஷின் ரொம்ப நாள் உழைக்குமாமே?

வீட்டு ஆர்ஓ ஒரு மணி நேரத்துக்குப் பத்து, பதினைந்து லிட்டர் தருவதே பெரிது. அதன் தொட்டி ஏழெட்டு லிட்டர். இரண்டாவது கேள்வியில் சொன்ன வேகத்துக்கு அருகில்கூட அது வராது. கழிவாகப் போகும் தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். உப்பும் சரியான செட்டிங்கும் இருந்தால் ஆர்ஓ தேவையில்லை.

சித்திரை வெயில்ல டேங்க் தண்ணி கொதிக்குது. மெஷினுக்கு ஆகுமா?

கருப்புத் தொட்டித் தண்ணீர் மத்தியானம் கை வைக்க முடியாதபடி இருந்தாலும் பல மெஷின்கள் 60 டிகிரி வரை ஏற்கும். கையேட்டில் இன்லெட் வெப்பம் என்ன என்று ஒருமுறை பாருங்கள். குளிர்ந்த தண்ணீர் மட்டும் என்று சொல்லும் மாடல்களும் உண்டு. மற்றபடி ஹீட்டருக்கு வேலை மிச்சம். முட்டை, மாவு ஒட்டிய பாத்திரத்துக்கு மட்டும் முதல் அலசலே சூடாக இருந்தால் கறை இறுகும். அவற்றைச் சாயங்காலம் போடுங்கள்.

மணல் வராம இருக்க வெளிய ஒரு ஃபில்டர் மாட்டிக்கலாமா?

மாட்டலாம், ஆனால் எது என்பதில் கவனம். ஆர்ஓவுக்கு முன்னால் வைக்கும் 5 மைக்ரான் பஞ்சு ஃபில்டரை மெஷின் லைனில் போட்டு, அதனாலேயே தண்ணீர் போதாமல் எரர் வாங்குபவர்கள் அதிகம். தொட்டி அழுத்தம் மட்டுமே உள்ள வீட்டுக்கு, கழுவிப் போடக்கூடிய ஸ்டீல் வலை வைத்த ஒய் ஸ்ட்ரெய்னர் போதும். பம்ப் இருந்தால் பெரிய ஹவுசிங்கில் கழுவக்கூடிய வலை வைக்கலாம். போட்ட பிறகு பக்கெட் டெஸ்டை மறுபடி செய்து பாருங்கள்.

ஹோஸ் பத்தலை. இன்னொரு ஹோஸ் ஜாயின்ட் பண்ணலாமா?

ஹோஸை நீட்டுவதைவிட சுவர்க் குழாயை மெஷின் பக்கம் கொண்டுவருவது மேல். சிபிவிசியில் ஓர் அரை நாள் வேலை. மெஷின் ஹோஸின் நட் முக்கால் இஞ்ச், நம் ஆங்கிள் காக் வெளிவாய் பெரும்பாலும் அரை இஞ்ச். முக்கால் இஞ்ச் வாய் உள்ள காக்கையே கேட்டு வாங்கினால் நடுவில் அடாப்டர் தேவைப்படாது, கசியவும் ஓர் இடம் குறையும்.

எரரே வரலை. ஆனா தண்ணி குறைவா இருக்கிற மாதிரி கரகரன்னு சத்தம், பாத்திரமும் சுத்தமாகலை.

தண்ணீர் ஏறியது; அதைச் சுற்றவிடும் பம்புக்குத் திரும்பவில்லை. மல்லாந்து கிடக்கும் குண்டானோ தூக்கு வாளியோ இரண்டு லிட்டரைப் பிடித்து வைத்துக்கொண்டால், பம்ப் காற்றை உறிஞ்சும். ஆழமான பாத்திரம் எல்லாம் கவிழ்ந்தே இருக்க வேண்டும். வாணலியைச் சாய்த்து வையுங்கள்.

அடுத்தது அடியில் இருக்கும் ஃபில்டர். புளிச் சக்கை, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல் மூன்றும் சேர்ந்தால் மெத்தை போல் அடைக்கும். தினம் எடுத்துக் குழாயில் கழுவுங்கள். சுழலும் கைகளைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். கலகலவென்றால் உள்ளே கடுகு. துளையில் சிக்கியதைப் பல்குத்தியால் தள்ளிவிடலாம். நுரை அதிகமானாலும் இதே சத்தம் வரும்.

டெக்னீஷியன் வந்து வால்வ் மாத்தணும்ங்கிறார். உண்மையாவே கெட்டுப்போச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பக்கெட் டெஸ்டில் எவ்வளவு வந்தது? நிரப்பும் நேரத்தில் வால்வுக்கு 230 வோல்ட் வருகிறதா? காயிலின் (வால்வைத் திறக்கும் மின்கம்பிச் சுருள்) ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு? சாதாரணமாக மூன்று, நான்கு கிலோ ஓம் அளவில் காட்டும். ஓபன் (இணைப்பே அறுந்துவிட்டது) என்றால் காயில் எரிந்திருக்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும். மல்டிமீட்டரை எடுக்காமலே வால்வ் போச்சு என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

வால்வ் ‘ம்ம்’ என்று முனகியும் தண்ணீர் வரவில்லை என்றால் காயில் நன்றாக இருக்கிறது. இந்த வால்வுகள் தண்ணீரின் அழுத்தத்தையே துணைக்கு வைத்துத் திறந்து மூடுபவை. அழுத்தம் போதாவிட்டால் நல்ல வால்வும் சரியாகத் திறக்காது, சரியாக மூடவும் செய்யாது. அப்படிப்பட்ட வீட்டில் புது வால்வ் போட்டாலும் பழைய கதைதான். மேலே பிரஷர் பம்ப் பற்றிய கேள்வியைப் பாருங்கள். சாயங்காலத்தில் மட்டும் இந்தக் கோளாறு வந்தால் வோல்டேஜையும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள்.

வால்வுக்குள் இருக்கும் ரப்பர் ஃப்ளோ ரெகுலேட்டரைப் பிடுங்கிவிட்டால் தண்ணீர் வேகமாக வரும் என்று சிலர் செய்து தருவார்கள். வாரண்டி உள்ள மெஷினில் அதை அனுமதிக்காதீர்கள்.

பத்து நாள் ஊருக்குப் போறோம். தண்ணி விஷயத்துல என்ன செஞ்சுட்டுப் போகணும்?

காக்கை மூடி, பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, கதவை ஒரு விரல் இடைவெளியில் திறந்து வையுங்கள். திரும்பி வந்ததும் தொட்டியில் தேங்கிய தண்ணீரைப் பாத்ரூம் குழாயில் கொஞ்சம் விட்டுவிட்டு, காக்கைத் திறந்து, பாத்திரம் போடாமல் ஒரு ரின்ஸ் ஓட்டுங்கள். மூடி வைத்த காக் திறக்கும்போது தண்டுப் பகுதியில் கசிந்தால், உள்ளே இருக்கும் பேக்கிங் காய்ந்திருக்கும். கைப்பிடிக்குக் கீழே உள்ள நட்டைக் கால் சுற்று இறுக்கினால் நின்றுவிடும்.